இன்று ராத்திரி என்ன படம்?

1946 டிசம்பரில் ஃபிராங்க் காப்ராவின் 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' வெளியானபோது போட்ட பணம் திரும்பவில்லை. 28 ஆண்டுகள் கழித்து, 1974-இல், அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். கட்டணம் இல்லாமல் ஒரு படம் கிடைத்தால் தொலைக்காட்சிக்காரர்கள் விடுவார்களா? அமெரிக்காவின் உள்ளூர் நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் அதையே திரும்பத் திரும்பப் போட்டன. கதை முடிவது கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில். அந்த ஒரு காரணம் போதுமாக இருந்தது. ஓடாத படம், பண்டிகைப் பலகாரத்தைப் போல வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தது.

'டை ஹார்ட்' கதை இன்னும் வேடிக்கை. 1988 ஜூலையில், கொளுத்தும் கோடையில் வந்த துப்பாக்கிச் சண்டைப் படம் அது. கதை நடப்பது கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும் ஓர் அலுவலகக் கட்டடத்தில். 'இது கிறிஸ்துமஸ் படமா, இல்லையா' என்று இன்றுவரை ஆண்டுதோறும் சண்டை போட்டுக்கொண்டே டிசம்பரில் அதைப் பார்க்கிறார்கள்.

நம்மிடமும் பொங்கல் படம், தீபாவளிப் படம் என்று ஏராளம் உண்டு. ஆனால் அந்தப் பெயர் பெரும்பாலும் ரிலீஸ் தேதியைத்தான் சொல்கிறது; கதைக்கும் பண்டிகைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1987 தீபாவளிக்கு 'நாயகன்'. 1991 தீபாவளிக்கு ஒரே நாளில் 'தளபதி', 'குணா'. 2003 தீபாவளிக்கு 'பிதாமகன்'. எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு, தியேட்டருக்குப் போய் அழுதுவிட்டு வந்திருக்கிறோம். அந்தக் கூட்டத்தில், அந்த விசிலில் அது சரியாகவே இருந்தது. அதே 'பிதாமகன்' படத்தை இந்தத் தீபாவளிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மாப்பிள்ளையும் சம்பந்தியும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் போட்டுப் பாருங்கள், தெரியும்.

ஆகவே வீட்டில் பார்க்கப் படம் தேடும்போது ரிலீஸ் தேதியை மறந்துவிடலாம். கேட்டுக்கொள்ள வேண்டியவை வேறு. வெளியே வானிலை எப்படி? மணி என்ன? கூடத்தில் யார் யார்? இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. தொல்காப்பியர் திணைகளுக்குப் பெரும்பொழுதும் சிறுபொழுதும் வகுத்தார். முல்லைக்குக் கார்காலமும் மாலையும். அங்கே நடப்பது காத்திருத்தல். குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும். பாலைக்கு வேனிலும் நண்பகலும். அங்கே நடப்பது பிரிவு. எந்த உணர்ச்சி எந்தப் பருவத்தில், எந்த வேளையில் எடுபடும் என்று கணக்குப் போட்டு வைத்த மொழிக்காரர்கள் நாம். ஓடிடியில் ஒரு மணி நேரம் விரலைத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட அந்தக் கணக்கைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கலாம்.

மழையிலிருந்து தொடங்குகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இரண்டு நாளைக்கு வீட்டை விட்டு நகர முடியாது. அந்த நாட்களுக்கு ஏற்றவை, ஓரிடத்தில் மாட்டிக்கொண்ட மனிதர்களின் கதைகள். அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) மொத்தம் 88 நிமிடம். இடிந்த கோபுர வாசல் ஒன்றில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கி நிற்கிறார்கள். மழை விடும் வரை பேச வேண்டியிருக்கிறது. ஒரு கொலையைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தக் கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்ல, மழை மட்டும் மாறாமல் கொட்டுகிறது. வெளியிலும் கொட்டினால், நான்காவது ஆளாக நாமும் அங்கே ஒதுங்கிவிடுகிறோம்.

மழையைக் கதாபாத்திரமாகவே வைத்த படம் வேண்டுமென்றால் மலையாளத்தில் பத்மராஜனின் 'தூவானத்தும்பிகள்' (1987). மோகன்லால் கிளாரா என்ற பெண்ணுக்குக் கடிதம் எழுத உட்காரும்போது மழை தொடங்கும்; அவள் வரும்போதெல்லாம் கூடவே மழையும் வரும். முல்லைத் திணையின் காத்திருத்தலைத் திருச்சூரில் கொண்டுபோய் வைத்தது போன்ற படம். பார்த்த பிறகு மழை வந்தால் ஜான்சனின் பின்னணி இசை காதில் கேட்கத் தொடங்கிவிடும், அதற்கு நான் பொறுப்பில்லை. குழந்தைகள் இருந்தால் மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' (1988). மழையில் அப்பாவின் பஸ்ஸுக்காகக் குடையோடு காத்து நிற்கும் சிறுமியின் பக்கத்தில் ஒரு பெரிய பிராணி வந்து நிற்கிறது. அதற்கும் ஒரு குடை கிடைக்கிறது. குடைமேல் துளி விழும் சத்தத்தில் அது அடையும் சந்தோஷத்தைப் பார்க்கும் குழந்தை, மறுநாள் மழையில் குடையோடு வெளியே ஓடும். தயாராக இருங்கள்.

மழை நாளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். தகரக் கூரையோ ஷீட் போட்ட மாடியோ உள்ள வீடானால் மெதுவாகப் பேசும் படம் காதில் விழாது. தாய்மொழிப் படமாக இருந்தாலும் சப்டைட்டிலைப் போட்டுவிடுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. கரன்ட் போகும், வைஃபையும் கூடவே போகும். ஆகையால் மேகம் திரளும்போதே போனிலோ டேப்லெட்டிலோ டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு, அது தொழில்நுட்ப விஷயமில்லை. கேரள வெள்ளத்தை வைத்து எடுத்த '2018' (2023) நல்ல படம்தான். ஆனால் 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்து வீட்டிலிருந்து கையில் கிடைத்ததோடு வெளியேறியவர் யாராவது கூடத்தில் இருந்தால், கனமழை இரவில் அதைப் போடாதீர்கள். பங்குனி வெயிலில் போடுங்கள்.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. படம் வானிலையோடு ஒத்துப்போக வேண்டுமா, அதற்கு எதிராகப் போக வேண்டுமா? என் அனுபவத்தில் மழைக்கு ஒத்துப்போவது நல்லது, வெயிலுக்கு எதிராகப் போவது நல்லது. மழையில் உடம்பு சுகமாக இருக்கிறது, மனம் எதற்கும் தயாராக இருக்கிறது. கத்திரி வெயிலில் உடம்பே படுத்துகிறது. திரையிலும் புழுதியும் வியர்வையும் என்றால் ஆளை அடித்துவிடும். வசந்தபாலனின் 'வெயில்' (2006) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்குப் போகாமல் சினிமாவுக்குப் போன பையனை அப்பா வெயிலில் கட்டிப் போடுகிறார். வீட்டை விட்டு ஓடியவன் ஒரு தியேட்டரிலேயே வளர்கிறான். சினிமா பார்ப்பவர்கள் எல்லாரும் ஒருமுறை பார்க்க வேண்டிய படம். ஆனால் மே மாத மத்தியானத்தில் வேண்டாம். மார்கழி ராத்திரிக்கு எடுத்து வையுங்கள்.

இந்த விதிக்கு ஒரே விலக்கு சிட்னி லுமெட்டின் '12 ஆங்ரி மென்' (1957). நியூயார்க்கில் புழுக்கம் தாங்காத ஒரு நாள், பூட்டிய அறை, ஓடாத ஃபேன், ஒரு பையனின் உயிரைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய பன்னிரண்டு பேர். நேரம் போகப்போக அறை சுருங்குவது போலத் தோன்றும். பிரமையில்லை, லுமெட் லென்ஸுகளை மாற்றிக்கொண்டே போய், கேமராவையும் மெல்ல இறக்கி, சுவர்களை அவர்கள்மேல் நெருக்கிக் காட்டினார். பாதிக்கு மேல் மழை பிடித்து, விளக்கைப் போட்டதும் ஃபேன் ஓடும்போது நம் வீட்டிலும் காற்று வரும். 96 நிமிடம்தான் என்பதால் இது தாங்கும். இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு இப்படிப் புழுங்க யாராலும் முடியாது.

வெயிலுக்கு எதிராகப் போவது என்றதும் ஜப்பானியர்கள் நினைவுக்கு வருகிறார்கள். மேற்கே பேய்க்கு அக்டோபர் 31 என்றால், ஜப்பானில் பேய்க்கதைக்குக் கோடைதான் காலம். இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் ஓபோன் பண்டிகை அப்போதுதான். கூடவே, முதுகுத்தண்டு சில்லிட்டால் வெக்கை தெரியாது என்றும் ஒரு நியாயம் சொல்வார்கள். நாம் அப்படி எதையும் யோசிக்கவில்லை என்று நினைப்போம். தேதிகளைப் பாருங்கள்: 'சந்திரமுகி' 2005 ஏப்ரல் 14, 'காஞ்சனா 2' 2015 ஏப்ரல், 'டிமான்ட்டி காலனி' 2015 மே, 'காஞ்சனா 3' 2019 ஏப்ரல், 'அரண்மனை 4' 2024 மே. நம் பேய்களும் பரீட்சை முடிந்துதான் வருகின்றன. பிள்ளைகளுக்கு லீவு, அத்தை, சித்தி, பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே வீட்டில், பத்துப் பேர் சேர்ந்து பயந்தால் பயம் சிரிப்பாகிவிடும். அதனால்தான் நம் கோடைப் பேய்ப்படங்களில் பாதிக்கு மேல் காமெடி. அந்தக் கூட்டத்துக்கு அவையே சரி. தனியாக இருப்பவர் அவற்றைப் பார்த்தால் பயமும் வராது, சிரிப்பும் வராது.

உண்மையிலேயே பயப்பட நினைப்பவர்கள் விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' (2009) படத்தை எடுத்துக்கொள்ளலாம். பாழடைந்த பங்களா இல்லை, வெள்ளைப் புடவை இல்லை. பதின்மூன்றாவது மாடியில் புது ஃபிளாட்டுக்குக் குடிவந்த ஒரு நல்ல குடும்பம், தினமும் ஒரு மணிக்கு டிவியில் வரும் ஒரு சீரியல், அதில் நடப்பதெல்லாம் வீட்டிலும் நடக்கத் தொடங்குகிறது. இதைத் தியேட்டரில் பார்த்தவர்களைவிட வீட்டு டிவியில் பார்ப்பவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள். படம் முடிந்து டிவியை அணைக்கப் போகும் கை ஒரு நொடி தயங்கும்.

இந்த இடத்தில் வகைகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஓடிடிகளில் 'திரில்லர்' என்று ஒரு பெட்டி இருக்கும். கொலை, கடத்தல், பேய், அரசியல் எல்லாவற்றையும் அதில் கொட்டி வைத்திருப்பார்கள். அது உதவாது. பார்ப்பவருக்கு உதவும் பிரிவினை வேறு: படம் உங்களிடம் எதை மறைக்கிறது, எதைச் சொல்லிவிடுகிறது? தமிழில் இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒருவரின் படங்கள் போதும். வீணை வித்வான் எஸ். பாலசந்தர்தான் அவர். வீணையில் அவர் பெயர் தெரிந்த அளவுக்கு இயக்குநராகத் தெரியாமல் போனது நம் ஞாபகத்தின் குறை.

அவருடைய 'அந்த நாள்' (1954) மர்மக் கதை. இரண்டாம் உலகப் போரில் சென்னை மீது ஜப்பான் குண்டு வீசிய நாட்கள். முதல் காட்சியிலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். யார் சுட்டது என்பது மறைக்கப்படுகிறது. ஒவ்வொருவராக விசாரிக்க விசாரிக்கச் செத்தவனின் முகமே மாறிக்கொண்டு போகிறது. ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. 1954-இல், ஏவி.எம். தயாரிப்பில், சிவாஜி நடித்த படத்தில் பாட்டில்லை என்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் புரிய வைக்க வேண்டும். இப்படிப்பட்ட படத்துக்கு நாலைந்து பேர் வேண்டும், வாய் ஓயாமல் ஊகிக்கிறவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. நடுவில் நிறுத்தி, 'நீ யாரைச் சொல்றே?' என்று கேட்டுப் பந்தயம் கட்டலாம். படம் கெடாது.

பத்து ஆண்டு கழித்து அவர் எடுத்த 'பொம்மை' (1964) நேர் எதிர். ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு இருக்கிறது. அது நமக்கு முதலிலேயே தெரியும். பொம்மை கை மாறிக்கொண்டே போகிறது. வைத்திருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. மறைக்க எதுவுமில்லை, அதனால்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இது திகில். இதை நடுவில் நிறுத்தினால் செத்துவிடும். அழைப்பு மணி அடிக்காத வேளையில், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரே மூச்சில் பார்க்க வேண்டிய வகை இது. 1970-இல் வந்த அவருடைய 'நடு இரவில்' இந்த இரண்டையும் கலக்கிறது: ஒரு தீவு மாளிகையில் கூடும் உறவினர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். யார் என்பதும் தெரியாது, அடுத்து யார் என்பதும் தெரியாது. மழை ராத்திரிக்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான பழைய படம் எனக்குத் தோன்றவில்லை.

இந்த அளவுகோலைப் புதுப் படங்களுக்கும் வைக்கலாம். கார்த்திக் நரேனின் 'துருவங்கள் பதினாறு' (2016) மர்மம்; ஒரு மழை இரவில் நடந்ததை ஓய்வுபெற்ற போலீஸ்காரர் சொல்லக் கேட்கிறோம். கூர்ந்து கவனிக்காவிட்டால் கடைசியில் கை விரிக்க வேண்டும். களைத்து வந்த வெள்ளிக்கிழமைக்கு ஆகாது. 'கைதி' (2019) அநேகமாக முழுக்க ஒரே இரவில் நடக்கிறது. பாட்டில்லை, கதாநாயகி இல்லை. அதைப் பகலில் பார்க்காதீர்கள். மத்தியான வெளிச்சம் விழும் கூடத்தில் அந்த இருட்டுச் சாலையில் பாதி தெரியாது. டிவியில் உங்கள் ஜன்னல்தான் தெரியும்.

பகலுக்கு வெளிச்சமான படங்கள் இருக்கின்றன. ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) பண்டிகை மத்தியானங்களுக்கு என்றே செய்தது போல இருக்கும். ஈஸ்ட்மென் கலர், வெட்டவெளி, ஊஞ்சல் மாதிரி ஆடி வரும் காட்சிகள். சமையல்கட்டுக்குப் போய் வந்தாலும் கதை விட்டுப்போகாது. வீட்டில் யார் எங்கே இருந்தாலும், டி.எஸ். பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சிக்கு மட்டும் கூப்பிட்டுவிடுங்கள். வெறும் குரலையும் கையையும் வைத்து நாகேஷ் ஒரு பேய்ப்படத்தையே நடத்திக் காட்ட, கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகம் போகும் போக்கில் திகில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு முழுப் பாடமும் இருக்கிறது. 1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' அதே இனம். எல்லாருக்கும் வசனம் மனப்பாடம் என்பதால் யாரும் பேசுவதை நிறுத்தத் தேவையில்லை. பண்டிகை வீட்டில் அது பெரிய சௌகரியம்.

முன்பெல்லாம் பண்டிகை நாளில் என்ன பார்ப்பது என்று நாம் முடிவு செய்ததே இல்லை. 'தொலைக்காட்சியில் முதன்முறையாக' என்று அறிவித்துவிடுவார்கள், ஊரே அதைப் பார்க்கும். இப்போது நான்கைந்து வாரத்தில் படம் ஓடிடிக்கு வந்துவிடுகிறது. அந்த அறிவிப்புக்கு மவுசு இல்லை. முடிவெடுக்கும் வேலை நம் தலையில் விழுந்துவிட்டது.

மார்கழிக்குச் சங்கீதப் படங்கள் என்று நான் சொல்லாமலே தெரியும். 'தில்லானா மோகனாம்பாள்' (1968), 'சங்கராபரணம்' (1980), 'சிந்து பைரவி' (1985) என்று வரிசை நீளும். இவற்றுக்கு டிவியோடு வரும் மெல்லிய ஸ்பீக்கர் போதாது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரத்தை அதில் கேட்பது அநியாயம். ஒரு சவுண்ட்பாரோ பழைய மியூசிக் சிஸ்டமோ இருந்தால் இணைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசையில் ராஜீவ் மேனனின் 'சர்வம் தாள மயம்' (2019) கட்டாயம் சேர வேண்டும் என்பேன். மிருதங்கம் செய்பவரின் மகன் மிருதங்கம் வாசிக்க வருகிறான். சபா மேடைக்கும் தோலைப் பதப்படுத்தும் கைக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் படம் அளந்து காட்டுகிறது. மார்கழியில் இதைப் பார்த்துவிட்டு வீட்டில் ஒரு விவாதம் வராவிட்டால்தான் ஆச்சரியம்.

குழந்தைகளோடு பார்ப்பதற்கு முன் சான்றிதழைப் பாருங்கள். முன்பிருந்த யு/ஏ என்ற ஒற்றைப் பிரிவு இப்போது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஓடிடிகளிலும் படம் தொடங்கும்போதே மூலையில் இதே மாதிரி எண் வரும். எட்டு வயதுக் குழந்தைக்கும் பதினைந்து வயதுப் பையனுக்கும் ஒரே சான்றிதழ் என்றிருந்த குழப்பம் இதில் குறைந்திருக்கிறது. லீவு நாளுக்கு 'பசங்க' (2009), 'காக்கா முட்டை' (2015) இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். இரண்டாவதைப் பார்த்த பிறகு பீட்சா கேட்பார்கள் என்று நினைப்பீர்கள். என் தங்கை வீட்டுப் பிள்ளைகள் தோசை கேட்டார்கள்.

கடைசியாக டிவியின் அமைப்புகள். புது டிவியில் படம் ஏதோ சீரியல் மாதிரி வழுவழுவென்று தெரிகிறதா? சினிமா வினாடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்படுகிறது. டிவி நடுவில் தானாகச் சில சட்டங்களை உண்டாக்கிச் செருகுகிறது. கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் 'மோஷன்' என்ற சொல் அதில் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள்; 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். பழைய படங்கள் சற்றேறக்குறைய சதுரமான திரைக்காக எடுக்கப்பட்டவை. இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கிறதே என்று இழுத்து விரித்தால் பத்மினிக்கும் கன்னம் உப்பிவிடும். அந்தக் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

யார் தேர்ந்தெடுப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரே வழி, முறை வைப்பது. இந்த வாரம் அம்மா, அடுத்த வாரம் பையன், அதற்கடுத்த வாரம் தாத்தா. படத்தை மாலைக்குள் முடிவு செய்துவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தால் தூக்கம்தான் ஜெயிக்கும். தாத்தா முறையில் 'அந்த நாள்' வந்தால் மட்டும் ஒரு முன்னேற்பாடு தேவை. அவர் அதைச் சின்ன வயதிலேயே பார்த்திருப்பார். சிவாஜி விழுந்த அடுத்த நிமிடம், யார் சுட்டது என்று பேரனுக்குச் சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. அவர் வாயில் போட்டு மெல்லக் கொஞ்சம் கடலைமிட்டாய் வாங்கி வைத்துக்கொண்டு படத்தைத் தொடங்குங்கள்.